பதினொரு வயதில் வெட்டுப்புள்ளி: லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தென்கிழக்கு லண்டனில் சனிக்கிழமைகளில் இயங்கும் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். சென்ற ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ‘நான் படிக்கப்போகும் பாடசாலை’ என்ற தலைப்பில் ஐந்து வசனம் எழுதக் கொடுத்தேன். கிராமர் பாடசாலைகளுக்குப் பதினொரு வயதில் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் இலெவன் பிளஸ் பரீட்சையின் முடிவுகள் வீடுகளுக்கு வந்திருந்த வாரம் அது என்பதை நான் மறந்திருந்தேன். வழக்கமாக அழகான எழுத்தில் அரைப்பக்கத்துக்குக் குறையாமல் எழுதும் ஒரு பெண்பிள்ளை அன்று ஒரேயொரு வசனம் எழுதியிருந்தாள்: “அடுத்த வருடம் நான் கூடாத பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.” ற, ர பிழையில்லாமல், முற்றுப்புள்ளியும் வைத்து எழுதியிருந்தாள். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். “எல்லாரும்தான் டீச்சர்” என்றாள்.

அவள் கூடாதது என்று எழுதிய பாடசாலை, வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கொம்பிரிஹென்சிவ் பாடசாலை. பரீட்சை வைத்துப் பிரிக்காமல் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் பாடசாலை என்பதே அந்தச் சொல்லுக்குப் பொருள். அப்படிப்பட்ட பாடசாலைகள் இந்த நாட்டில் எப்படி வந்தன, அவற்றைக் கட்டியெழுப்ப யார் யாரோடு மல்லுக்கட்டினார்கள் என்பது நமக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை அப்படி எழுதியிருக்கமாட்டாள் என்றே நம்புகிறேன். அதற்காக நம்மிற் பலர் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் ஒரு பாடசாலையின் கதையை உங்கள் முன் வைக்கிறேன். கிறீனிச் பரோவிலுள்ள (பரோ என்பது லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) கிட்புறூக் பாடசாலை 1954 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. கொம்பிரிஹென்சிவ் பாடசாலையாகவே திட்டமிட்டு லண்டனில் கட்டப்பட்ட முதலாவது பாடசாலை அதுதான்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், யுத்தம் முடியுமுன்பே, 1944-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் நிறைவேறியது. பட்லர் என்ற அமைச்சரின் பெயரோடு சேர்த்து இன்றும் பேசப்படும் அந்தச் சட்டம் இடைநிலைக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாக்கியது. அது மிகப் பெரிய காரியம். இலங்கையில் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் பெயரைச் சொல்லி வளர்ந்த நமக்கு அதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை. ஆனால் சட்டத்தின் கூடவே ஒரு நம்பிக்கையும் வந்து சேர்ந்தது. ஏட்டுக் கல்விக்குரியவர்கள், தொழில்நுட்பத்துக்குரியவர்கள், கைவேலைக்கும் நடைமுறை அறிவுக்குமுரியவர்கள் என்று பிள்ளைகள் மூவகையினர் என 1943-இல் வெளிவந்த நோர்வூட் அறிக்கை சொல்லியிருந்தது. மூன்று வகைப் பாடசாலை வேண்டும் என்று சட்டத்தில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. இருந்தும் கல்வியமைச்சு அந்த வழியிலேயே நாட்டை நடத்தியது. ஏட்டுக் கல்விக்குக் கிராமர் பாடசாலை ஒரு பக்கம், நடைமுறைக் கல்விக்குச் செக்கண்டரி மொடேர்ண் மறுபக்கம், எண்ணிக்கையில் மிகக் குறைந்த தொழில்நுட்பப் பாடசாலைகள் இடையில் என்று ஆயிற்று. எந்தப் பிள்ளை எங்கே போவது என்பதை முடிவுசெய்ய இலெவன் பிளஸ் வந்தது.

கிராமர் பாடசாலைக்குப் போன பிள்ளைக்குச் சாதாரண தரமும் உயர்தரமும் பல்கலைக்கழகமும் திறந்திருந்தன. செக்கண்டரி மொடேர்ணுக்குப் போன பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோர் பதினைந்து வயதில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வேலைக்குப் போனார்கள். எத்தனை பேருக்குக் கிராமர் இடம் கிடைக்கும் என்பதும் ஊருக்கு ஊர் மாறியது. வேல்ஸின் சில பகுதிகளில் பத்துப் பேரில் நால்வருக்கு இடமிருந்தது. வேறு சில மாவட்டங்களில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று சித்தி, மற்றது தோல்வி என்பதை எந்த மாவட்டத்தில் பிறந்தது என்பதே தீர்மானித்தது. பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கான கிராமர் இடங்கள் கூடுதலாகவும் பெண்பிள்ளைகளுக்கானவை குறைவாகவும் இருந்த ஊர்களில், பெண்பிள்ளை ஆணைவிடக் கூடுதலான புள்ளி எடுத்தால்தான் உள்ளே போகலாம். பர்மிங்ஹாமில் ஆண்களுக்கு 540 இடங்களும் பெண்களுக்கு 360 இடங்களும் இருந்தது சட்டவிரோதமான பாகுபாடு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது 1989-இல்தான். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலில் அடிபட்ட இனம் நாம். ஒரு பரீட்சைத் தாளுக்கு, எழுதியவர் யார் என்று பார்த்து வேறு வேறு வெட்டுப்புள்ளி வைப்பது என்ன செய்யும் என்பது நமக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவேண்டியதல்ல.

இந்த ஏற்பாட்டை அன்றே ஏற்க மறுத்த அதிகாரசபைகளில் ஒன்று லண்டன் கவுண்டி கவுன்சில். 1934 முதல் தொழிற்கட்சியின் கையிலிருந்த அந்தச் சபை 1947-இல் வெளியிட்ட லண்டன் பாடசாலைத் திட்டத்தில், தலைநகரின் பிள்ளைகளை ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் பெரிய பாடசாலைகளை முன்மொழிந்தது. அவை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்று பலர் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். அதற்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு உண்டு. கிராமர் கல்விக்குரியவர் ஐந்தில் ஒருவர் என்று அன்றைய அளவுகோலின்படியே எடுத்துக்கொள்வோம். இலத்தீன், பௌதிகம், உயர்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களை நியாயப்படுத்த ஒவ்வோராண்டும் இரண்டு வகுப்பு, அதாவது அறுபது பிள்ளைகள், அந்தப் பாதைக்கு வேண்டும். அப்படியானால் ஆண்டுக்கு முந்நூறு பிள்ளைகளைச் சேர்க்கவேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு, அதற்குமேல் சிக்ஸ்த் ஃபோர்ம் எனப்படும் உயர்தர வகுப்புகள். கிட்புறூக் ஏறத்தாழ 2,000 மாணவிகளுக்காகக் கட்டப்பட்டது இதனால்தான். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் எந்த வயதில் பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபடியால் எல்லாப் பாடமும் ஒரே வளவில் இருக்கட்டும் என்பதே அந்தப் பருமனின் நோக்கம்.

இடமும் குறிப்பிடத்தக்கது. யுத்தகாலத்தில் லண்டனை வான்தாக்குதலிலிருந்து காக்க வானில் மிதக்கவிட்ட தடுப்புப் பலூன்களுக்கு ஒரு தளமாக இருந்த பகுதி கிட்புறூக். வீடிழந்த நகரம், செங்கல்லுக்கும் உருக்குக்கும் தட்டுப்பாடு நிலவிய காலம். அந்த நிலையிலும் ஸ்லேற்றர், யூரென், பைக் என்ற கட்டடக்கலை நிறுவனத்தாரைக் கொண்டு, செப்புக் கூரை வேய்ந்த குவிமாடத்தோடு ஒரு பெருமண்டபத்தை அங்கே கட்டினார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் காலைக் கூட்டத்துக்காக ஒரு மாநகர சபை தேவாலயம்போல ஒரு மண்டபம் எழுப்பியது என்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ‘கல்வித் தொழிற்சாலை’ என்று விமர்சித்தவர்களுக்கு அந்த மண்டபமே ஒரு பதிலாக நின்றது.

திறப்பதற்கு முன்பே பெரிய சண்டை வந்தது. அதை உங்களிடம் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் நமது நிலைமை அதில்தான் தெரிகிறது. கவுன்சிலின் திட்டப்படி, அருகிலிருந்த எல்தம் ஹில் பெண்கள் கிராமர் பாடசாலையை மூடி, அதன் மாணவிகளையும் கிட்புறூக்கில் சேர்க்கவேண்டும். பரீட்சையில் தேறியவர்களும் தேறாதவர்களும் ஒரே வாசலால் உள்ளே வருவதுதான் புதிய பாடசாலையின் உயிர்நாடி. எல்தம் ஹில் பெற்றோர் எதிர்த்து எழுந்தார்கள். அமைச்சருக்கு மனுக்கள் போயின. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்குக் கிடைத்த நல்ல இடம் பறிபோகிறது என்று பயந்த தாய்தகப்பன் அவர்கள். ஒரு பாடசாலையை மூடுவதற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்று 1944 சட்டம் சொன்னது. அப்போதைய கல்வியமைச்சர் ஃபுளோரன்ஸ் ஹோர்ஸ்பறோ, பழமைவாதக் கட்சியின் முதல் பெண் அமைச்சரவை உறுப்பினர். அவர் 1954-இல் ஒப்புதல் தர மறுத்துவிட்டார். புதிய கட்டடம் தயார், ஆனால் அதற்கென்று எதிர்பார்த்த கிராமர் மாணவிகள் வரவில்லை. எல்லாருக்குமான பாடசாலை என்று கட்டிய இடம், அந்த வட்டாரத்தில் பரீட்சையில் முன்னுக்கு வந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இல்லாமலே திறக்கப்பட்டது.

பிற்காலத்தில் எல்தம் ஹில் பாடசாலையும் கொம்பிரிஹென்சிவ் ஆயிற்று. இன்று எந்தப் பரீட்சையும் வைக்காமல் அயலிலுள்ள பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறது. அன்று அத்தனை கொந்தளிப்பை எழுப்பிய மாற்றம் அடுத்த தலைமுறைக்குச் சாதாரண விடயமாகிவிட்டது. ஆனால் கிட்புறூக் இழந்த தொடக்கம் திரும்பி வரவில்லை. ஒரு பாடசாலையிலிருந்து சில குடும்பங்கள் விலகி நிற்பதால் அந்தப் பாடசாலைக்கே குறை உண்டாகிறது, பிறகு அந்தக் குறையைக் காட்டியே இன்னும் சில குடும்பங்கள் விலகுகின்றன. நமது மண்டபங்களில் ‘அந்தப் பள்ளிக்கூடம் சரியில்லை’ என்று தேநீர்க் கோப்பையோடு பேசும்போது, சரியில்லாமற் போவதில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் எண்ணுவதில்லை.

கிட்புறூக்கின் முதல் அதிபர் மேரி கிறீன். 1954-இலிருந்து 1973 வரை பத்தொன்பது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1968-இல் அவருக்கு ‘டேம்’ பட்டம் அளிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய பாடசாலையில் பிள்ளை தொலைந்துபோகும் என்பதே அன்றைய பெற்றோரின் முதற்பயம். லண்டனின் பெரிய பாடசாலைகள் அதற்கு இல்லங்களையும் சிறிய வகுப்புக் குழுக்களையும் அமைத்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் வீடும் தெரிந்த ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக வைத்துப் பதில் சொல்லின. குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. தொடக்ககாலக் கொம்பிரிஹென்சிவ் பாடசாலைகள் பல, வாசலில் எடுத்த பரீட்சையை உள்ளே கொண்டுவந்து, வகுப்புகளைத் திறமைப்படி மேலிருந்து கீழாக அடுக்கின; ஒரே வளவுக்குள்ளேயே கிராமரும் மொடேர்ணும் இருந்ததுபோலச் சில இடங்களில் ஆயிற்று. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. பதினொன்றில் தடுமாறி பதின்மூன்றில் விழித்துக்கொண்ட பிள்ளை, சீருடை மாற்றாமல், பஸ் மாறாமல், மேல் வகுப்புக்குப் போகலாம். பரீட்சை ‘தோல்வி’ என்று முத்திரை குத்திய பிள்ளைகள் சாதாரண தரத்தில் சித்தியடைந்து சிக்ஸ்த் ஃபோர்முக்கு வந்து நின்றபோது, மூவகைப் பிள்ளைகள் என்ற கொள்கை ஆட்டங்கண்டது. இலெவன் பிளஸ்ஸை ஆராய்ந்தவர்களும், எவ்வளவு கவனமாக நடத்தினாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பிள்ளையைத் தவறான பாடசாலைக்கு அது அனுப்புகிறது என்று 1950களிலேயே கணித்தார்கள்.

1965-இல் அமைச்சர் அந்தனி குறோஸ்லண்ட் 10/65 என்ற சுற்றறிக்கையால் எல்லா உள்ளூராட்சிகளையும் கொம்பிரிஹென்சிவ் முறைக்கு மாறும்படி கேட்டார். 1970-இல் கல்வியமைச்சரான மார்கரெட் தட்சர் அதை மீளப்பெற்றார். எனினும் வேறெந்தக் கல்வியமைச்சரும் அனுமதிக்காத அளவு கொம்பிரிஹென்சிவ் பாடசாலைகள் அவருடைய காலத்தில்தான் அனுமதி பெற்றன. ஏனெனில் பிள்ளைகளில் முக்கால்வாசிப்பேரைத் தோற்றவர் என்று அனுப்பும் முறையைப் பெற்றோரே பொறுக்க மறுத்துவிட்டார்கள். இன்று இங்கிலாந்து முழுவதிலும் எஞ்சியிருக்கும் கிராமர் பாடசாலைகள் 163 மட்டுமே. 1998-ஆம் ஆண்டின் சட்டம் புதியவற்றைத் தடுத்துவிட்டது. அந்த 163-இல் நான்கு நமக்குப் பக்கத்துப் பரோவான பெக்ஸ்லியில் இருப்பதும், கென்ற் மாவட்டம் எல்லையிலேயே இருப்பதும்தான் நமது வீடுகளில் ரியூசன் மேசைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம்.

பின்னர் கிட்புறூக் பல மாற்றங்களைக் கண்டது. 1980களில் ஆண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டார்கள். 1990-இல் லண்டன் உள்நகரக் கல்வி அதிகாரசபை கலைக்கப்பட, பாடசாலை கிறீனிச் பரோவின் பொறுப்புக்கு வந்தது. அருகில் எழுந்த ஃபெரியர் குடியிருப்பு, நமது மக்கள் அகதிகளாக வந்திறங்கிய ஆண்டுகளில் வெவ்வேறு நாட்டவரின் முதல் முகவரியாக இருந்தது. பின் அதுவும் இடிக்கப்பட்டு, புதிய மாடிவீடுகள் வந்துவிட்டன. 2005-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சமையற்கலைஞர் ஜேமி ஒலிவர் அந்தப் பாடசாலையின் சமையலறைக்குள் நுழைந்தபோது, ஒரு பிள்ளையின் மதிய உணவுப் பொருளுக்கு 37 பென்ஸ்தான் செலவாகிறது என்பது நாடு முழுவதற்கும் தெரியவந்தது. அந்த ஆண்டே இரண்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகள் பிரதமரின் வாசலுக்குப் போயின. அரசு பாடசாலை உணவுக்கு 280 மில்லியன் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. இன்று நமது பிள்ளைகள் மதியம் எந்தப் பாடசாலையில் சாப்பிட்டாலும், கிட்புறூக்கின் சமையலறைக்கு ஓரளவு கடன்பட்டிருக்கிறார்கள். 2011-இல் பாடசாலை, அரசின் நேரடி நிதியில் இயங்கும் அக்கடமியாகி, கொரெல்லி கல்லூரி என்று பெயர் மாறியது. 2018-இலிருந்து வேறொரு அறக்கட்டளையின்கீழ், வால்வெள்ளியைக் கணித்த எட்மண்ட் ஹலியின் நினைவாக ஹலி அக்கடமி என்று அழைக்கப்படுகிறது. பெயர் மாறினாலும் வாசலில் பரீட்சை இல்லை என்ற நிலை மாறவில்லை.

லண்டன் பாடசாலைகள் நலிந்து கிடந்த ஆண்டுகள் உண்டு என்பதும் உண்மை. நம்மிற் பலர் வந்து சேர்ந்த 1990களில் கண்டது அதைத்தான். அந்த அச்சம் இன்னும் மனதில் இருக்கிறது. ஆனால் 2003-இல் லண்டன் சலேஞ்ச் என்ற திட்டம் தொடங்கி, நல்ல அதிபர்கள் நலிந்த பாடசாலைகளுக்குத் தோள்கொடுத்த பின், தலைநகரின் பாடசாலைகள் இங்கிலாந்தின் ஏனைய பகுதிகளை முந்தியிருக்கின்றன. முப்பது ஆண்டுக்கு முந்திய அச்சத்தை வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைக்குப் பாடசாலை தெரிவுசெய்வது நியாயமல்ல.

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். ஒரு வருடம் கழித்து எழுதிய தம்பி வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு. வீட்டில் யாரும் அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. அம்மா என்னுடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சாமியறைக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினார், அவ்வளவுதான். தம்பி இன்று கனடாவில் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளனாக இருக்கிறான். ஆனால் ஐம்பது வயது கடந்தபிறகும் அந்த மூன்று புள்ளியை அவன் நினைவு வைத்திருக்கிறான் என்பதை, அம்மாவின் அந்தியேட்டிக்கு வந்த இரவில்தான் அறிந்தேன். என் மகளை நான் இங்கே இலெவன் பிளஸ் எழுத அனுப்பவில்லை. அயலிலுள்ள பெரிய பாடசாலையில் படித்தாள், நன்றாகவே படித்தாள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சனிக்கிழமைத் தமிழ் நேரத்தைக் குறைத்து இலெவன் பிளஸ் வகுப்பு நடத்துவதை நிறுத்துங்கள். தமிழ் வகுப்பின் கடைசி முக்கால் மணித்தியாலத்தில் பிள்ளைகள் தமிழ்ப் புத்தகத்துக்குள் பரீட்சைத் தாளை மறைத்துச் செய்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஆண்டு விழா மேடையில் கிராமர் பாடசாலைக்குத் தெரிவான பிள்ளைகளை மட்டும் அழைத்துக் கேடயம் கொடுப்பதையும், விழா மலரில் அவர்களின் படத்தைத் தனிப்பக்கத்தில் போடுவதையும் கைவிடுங்கள். அந்தப் பக்கத்தில் இல்லாத பிள்ளையும் அதே மலரை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. ரியூசனுக்கு அனுப்பும் பெற்றோரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை, அது அவர்கள் முடிவு. ஆனால் சமூகத்தின் பெயரால் இயங்கும் நிறுவனம் பத்து வயதுப் பிள்ளைகளைத் தரம் பிரித்து மேடையேற்றக் கூடாது.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஒவ்வொரு செப்டெம்பர், ஒக்டோபரிலும் எல்லா இடைநிலைப் பாடசாலைகளும் பெற்றோருக்காக மாலைநேரத்தில் கதவைத் திறந்து வைக்கின்றன. அயலிலுள்ள பாடசாலை ஒன்றின் அதிபரை ஒரு சனிக்கிழமை நமது மண்டபத்துக்கு அழைத்து, ஆங்கிலம் சரளமாக வராத தாய்மாரின் கேள்விகளை நாம் மொழிபெயர்த்துக் கேட்டுக் கொடுக்கலாம். விண்ணப்ப முடிவுத் திகதி ஒக்டோபர் 31 என்பதை நினைவூட்டலாம். பெற்றோர் பிரதிநிதிகளாகப் பாடசாலை நிர்வாகசபைகளுக்கு நம்மவர்கள் போட்டியிட ஊக்குவிக்கலாம். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச்சங்க விளையாட்டுப் போட்டிக்கும் இரவுபகலாக உழைக்கும் ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அயற்பாடசாலையின் நிர்வாகசபையில் உட்கார மட்டும் ஆளில்லாமல் போகாது.

இம்முறை செப்டெம்பரில் எனது வகுப்புப் பெற்றோரில் விரும்புபவர்களை அழைத்துக்கொண்டு இரண்டு பாடசாலைகளின் திறந்த மாலைகளுக்குப் போகவிருக்கிறேன். உங்கள் குழுக்களிலிருந்து ஒருவராவது உடன் வந்தால், எங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எனக்குத் துணையாக இருக்கும். அந்தப் பெண்பிள்ளையின் கொப்பி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த ஒற்றை வசனத்துக்குக் கீழே பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. மீதி நான்கு வசனத்தையும் புதிய பாடசாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுதித் தரும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஒரு சனிக்கிழமைத் தமிழ் ஆசிரியை
தென்கிழக்கு லண்டன்